அண்ணாமலை நகரில் இறந்த இரண்டு மாணவர்கள்: அந்தப் போராட்டங்கள் யாருடையவை?

"அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் போலீஸ் சுட்டு இறந்தவர் உதயகுமாரா, ராஜேந்திரனா? இந்தி எதிர்ப்பை மாணவர்கள் தாங்களாக நடத்தினார்களா, தி.மு.க. பின்னால் இருந்து நடத்தியதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் எளிது. குண்டு பாய்ந்து இறந்தவர் ராஜேந்திரன், 1965 ஜனவரி 27 அன்று. உதயகுமார் ஆறு ஆண்டு கழித்து, 1971இல், வேறொரு கலவரத்தில் இறந்தவர். அவர் சாவில் துப்பாக்கிக்கு இடமில்லை. இரண்டாம் பாதிதான் கனமானது. அந்தப் பிள்ளைகள் சொந்தப் புத்தியில் தெருவுக்கு வந்தார்களா, யாரோ அனுப்பி வந்தார்களா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. இக்காலத் தமிழக வரலாற்றைக் கல்லூரியில் நெடுங்காலம் நடத்தியவன் நான். அந்தத் தலைமுறை ஆட்கள் பலரிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், இன்னும் சர்ச்சையில் இருப்பதையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதையும் அதோடு சேர்ந்த நிறுவனங்களையும் 20 லட்சம் ரூபாயையும் கொடுத்து 1929இல் பல்கலைக்கழகமாக ஆக்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் அப்போது பல ஊர்க் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பு. அண்ணாமலை அப்படியல்ல. படிப்பு, விடுதி, மெஸ், விளையாட்டுத் திடல், ஆசிரியர் குடியிருப்பு எல்லாம் சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரே வளாகத்தில். மாலையில் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் மாணவனுக்கு அரசியல் பேச நேரம் குறைவு. இங்கே பேச்சு ராத்திரி மெஸ்ஸில் தொடங்கும், விடுதி வராந்தாவில் நீளும், காலையில் முடிவாகிவிடும். சென்னையில் ஒரு வாரம் எடுக்கும் வேலைநிறுத்தத்தை அண்ணாமலை நகரில் ஓர் இரவில் கூட்டிவிடலாம் என்று அந்தக் காலத்து மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் படித்ததும் அதோடு ஒத்துப் போகிறது.

இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஆளுநர்தான் வேந்தர் என்றாலும், இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்துக்கு வழிவழியாக வந்தது. அண்ணாமலைச் செட்டியாருக்குப் பின் ராஜா சர் முத்தையா செட்டியார், அவருக்குப் பின் எம்.ஏ.எம். ராமசாமி. ஆகவே இங்கே ஒரு போராட்டம் எழுந்தால் அது ஒரே நேரத்தில் அரசையும் ஒரு குடும்ப நிர்வாகத்தையும் பார்த்து நிற்கும். ஆட்சியில் இருப்பவர்களோடு நிர்வாகத்துக்கு என்ன உறவு என்பது ஒவ்வொரு கட்டத்திலும் மாணவர்களின் தலையெழுத்தைத் தொட்டது.

பலர் நினைப்பது போல இந்த வளாகத்தின் அரசியல் 1965இல் பிறக்கவில்லை. 1930களின் கடைசியில், சீனிவாச சாஸ்திரி துணைவேந்தராக இருந்த காலத்திலேயே இங்கே இடதுசாரி மாணவர் வட்டம் ஒன்று உருவாகியிருந்தது. அகில இந்திய மாணவர் சம்மேளனம் 1936இல் லக்னோவில் தொடங்கியதன் அலை தெற்கே வந்து சேர்ந்த நேரம் அது. கே. பாலதண்டாயுதம், ஆர். உமாநாத், கே. முத்தையா மூவரும் அண்ணாமலை மாணவர்கள். மூவரும் பின்னாளில் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் முன்வரிசைக்கு வந்தவர்கள். உமாநாத் படிப்பை விட்டுக் கட்சி வேலைக்குப் போய், கம்யூனிஸ்டுகள் மீது போடப்பட்ட 1940இன் சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி, மோகன் குமாரமங்கலம் ஆகியோரோடு குற்றவாளிக் கூண்டில் நின்றார். பாலதண்டாயுதம் 1971இல் கோவையிலிருந்து மக்களவைக்குப் போய், 1973இல் டெல்லி விமான விபத்தில் குமாரமங்கலத்தோடு சேர்ந்து இறந்தார்.

அவர்களுக்குப் பின், 1940களின் தொடக்கத்தில், அதே விடுதிகளில் இன்னொரு கூட்டம் வளர்ந்தது. நெடுஞ்செழியன், அன்பழகன், மதியழகன் எல்லோரும் அண்ணாமலையில் படித்தவர்கள். 1949இல் தி.மு.க. தொடங்கியபோது அதன் முகங்களாக இருந்தவர்களில் கணிசமானோர் இந்த வளாகத்தின் வார்ப்பு. இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் இரண்டாவது கேள்விதான். கட்சி மாணவர்களை உருவாக்கியதா, மாணவர்கள் கட்சியை உருவாக்கினார்களா என்று பிரித்துக் கேட்டால், அண்ணாமலையைப் பொறுத்தவரை காலவரிசை இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது. கட்சி பிறப்பதற்கு முன்பே அதன் தலைவர்கள் இங்கே மேடை ஏறிப் பழகிவிட்டார்கள்.

இனி 1965. அரசமைப்புச் சட்டப்படி 1950 ஜனவரி 26இலிருந்து 15 ஆண்டுகள் முடிந்ததும் இந்தி மட்டுமே ஒன்றியத்தின் ஆட்சிமொழி. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு நாடாளுமன்றத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் 1963இன் ஆட்சிமொழிச் சட்டத்தில் அது திட்டவட்டமாக எழுதப்படவில்லை. ஆங்கிலம் "தொடரலாம்" என்ற அளவில் நின்றது. 1964 மே மாதம் நேரு இறந்தார். வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார், எழுத்தில் உறுதி இல்லை, கெடு நாள் நெருங்குகிறது. தமிழ்ப் பற்று மட்டுமே மாணவர்களை வெளியே இழுத்தது என்று சொல்வது அவர்களுடைய அறிவைக் குறைத்து மதிப்பதாகும். மத்திய அரசு வேலைத் தேர்வுகள் இந்திக்கு மாறினால் தங்கள் பட்டத்துக்கு என்ன பெறுமதி என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவர்கள். பற்றும் இருந்தது, பயமும் இருந்தது. பொறியியல் மாணவனும் தமிழிலக்கிய மாணவனும் ஒரே ஊர்வலத்தில் நடந்ததற்கு அந்த இரண்டும் சேர்ந்ததே காரணம்.

குடியரசு நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிப்பதாகத் தி.மு.க. அறிவித்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் அதைத் தேசத்துக்கு எதிரான செயலாகப் பார்த்தார். அண்ணாவும் ஆயிரக்கணக்கான கட்சிக்காரர்களும் முன்கூட்டியே கைது செய்யப்பட்டார்கள். பல கல்லூரி மாணவர்கள் சேர்ந்து அமைத்த இந்தி எதிர்ப்புப் போராட்டக் குழு ஒரு நாள் முன்னதாக, ஜனவரி 25 அன்று, ஊர்வலத்துக்கு அழைத்தது. அன்று மதுரையில் காங்கிரஸ்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் நடந்த மோதல் நெருப்பாகி மாநிலம் முழுவதும் பரவியது. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 27 அன்று, அண்ணாமலை நகரில் மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் மறித்தது, சுட்டது. சிவகங்கையைச் சேர்ந்த மாணவர் ராஜேந்திரன் இறந்தார். இது எந்தத் தரப்பும் மறுக்காத செய்தி. கல் முதலில் வந்ததா, தடி முதலில் வந்ததா என்பதில்தான் போலீஸ் சொன்னதும் மாணவர்கள் சொன்னதும் மாறும். தடியும் துப்பாக்கியும் அரசின் கையில் இருந்தன. ஊர்வலத்தில் வந்தவர்கள் கையில் பதாகைகள் இருந்தன. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு யார் முதலில் என்று மட்டும் விவாதிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்து நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான சான்று. அரசு கல்லூரிகளை மூடியது, விடுதிகளைக் காலி செய்யச் சொன்னது. விடுதியை மூடினால் கூட்டம் கலையும் என்பது நிர்வாகங்களின் பழைய நம்பிக்கை. 1965இல் அது நேர் எதிராகப் போனது. விடுதியை விட்டு வெளியேறிய ஒவ்வொரு மாணவனும் ரயிலிலும் பஸ்ஸிலும் தன் ஊருக்குச் செய்தியைக் கொண்டுபோனான். அண்ணாமலை போன்ற, பல மாவட்டத்துப் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கிய வளாகத்தைக் கலைத்தது, பெட்டியில் இருந்த விதையை அரசே அள்ளி வீசியது போல ஆயிற்று. பிப்ரவரியில் வன்முறை முன்னைவிடக் கடுமையானது, சிற்றூர்களுக்கும் போனது, பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தி.மு.க. தலைமை மாணவர்களைப் போராட்டத்தை நிறுத்தும்படி கேட்டுக்கொண்ட பிறகும் இது நீடித்தது. சொன்னதும் நிற்காத ஒன்றை, சொல்லி நடத்தியது என்று எப்படிக் கூறுவது?

அதே சமயம் மறுபக்கத்தை மறைக்கவும் கூடாது. போராட்டக் குழுவின் முன்னணியில் இருந்தவர்களில் பலர் தி.மு.க. அனுதாபிகள். கட்சிப் பேச்சாளர்கள் பதினைந்து ஆண்டுகளாக மேடை மேடையாக உழுது வைத்த நிலத்தில்தான் இந்தப் பயிர் எழுந்தது. அறுவடையும் கட்சிக்கே போனது. குழுவில் இருந்த பெ. சீனிவாசன் 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரை 1285 வாக்கில் தோற்கடித்தார். எல். கணேசன், காளிமுத்து, துரைமுருகன் என்று அந்தப் போராட்டத்தில் பெயர் வாங்கிய பலர் பின்னால் சட்டமன்றத்திலும் அமைச்சரவையிலும் அமர்ந்தார்கள். ஆகவே என் முடிவு இது: கட்சி மனத்தைத் தயார்செய்தது, மாணவர்கள் தாங்களாக இறங்கினார்கள், இறங்கிய பின் கட்சியால் பிடித்து நிறுத்த முடியவில்லை, முடிந்த பின் பலனைக் கட்சி ஏற்றுக்கொண்டது. இது என் கணிப்புதான். மாணவர் குழுவே கட்சியின் இன்னொரு கை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அவர்களுக்கு நான் காட்டும் சான்று 1967 டிசம்பர். அப்போது அண்ணாவே முதலமைச்சர். ஆட்சிமொழிச் சட்டத் திருத்தத்தோடு வந்த, தாய்மொழி, ஆங்கிலத்தோடு இந்தியும் கற்பிக்கச் சொன்ன மும்மொழித் தீர்மானத்தை எதிர்த்து மாணவர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்ற இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியதற்கு அந்த அழுத்தமும் ஒரு காரணம். சொந்தக் கட்சி ஆட்சியையே நெருக்கியவர்களை ஏவப்பட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1965இல் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தேடும்போது மோதுவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அரசுத் தரப்பு எண்ணிக்கை 70ஐ ஒட்டி நிற்கிறது. போராட்டத் தரப்பு நூற்றுக்கணக்கில் சொல்கிறது. உறுதியான எண் என்று யாராவது ஒன்றைக் கொடுத்தால் அதை எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலக முன்வந்ததும், அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று பேசியதும் சந்தேகமில்லாத செய்திகள்.

இப்போது உதயகுமார். 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலமைச்சர் மு. கருணாநிதிக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் கொடுத்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். வளாகத்தில் போலீஸ் புகுந்து தடியடி நடத்தியது. பிறகு வளாகக் குளத்தில் மாணவர் உதயகுமாரின் உடல் கிடந்தது என்பது மாணவர்கள் தரப்பு. அடிபட்டு இறந்தார் என்றார்கள். அது தன் மகனுடைய உடல் இல்லை என்று தந்தையே சொன்னதாகப் பதிவானது. மிரட்டி அப்படிச் சொல்ல வைத்தார்கள் என்பது கருணாநிதியின் எதிர்ப்பாளர்கள் இன்றுவரை வைக்கும் குற்றச்சாட்டு, தி.மு.க. தரப்பு அதை ஏற்பதில்லை. விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டும் வாதம் ஓயவில்லை. சாவின் காரணம் பற்றி நீங்கள் படிக்கும் ஒவ்வொரு வரியையும், எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துவிட்டே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகத் தேர்தல் மேடைகளில் உதயகுமார் பெயர் இத்தனை முறை வீசப்பட்டிருக்கிறது. அவருக்காக நியாயம் கேட்ட குரல் எது, கருணாநிதியை அடிக்கக் கல் தேடிய குரல் எது என்று பிரிப்பதே கடினமாகிவிட்டது. ஒரு மாணவனின் சாவுக்கு இதைவிடப் பெரிய அநீதி செய்ய முடியாது.

இரண்டு பெயரும் ஏன் குழம்புகின்றன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ராஜேந்திரன் காங்கிரஸ் ஆட்சியில் இறந்தார். இரண்டே ஆண்டில் அவர் எதிர்த்த ஆட்சி போய், அவர் போராடிய கொள்கையைச் சொன்னவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். அவருக்குச் சிலை எழுந்தது. ஒவ்வொரு ஜனவரி 25 அன்றும், மொழிப்போர் தியாகிகள் நாளில், மாலை விழுகிறது. அந்த மரியாதை முழுக்க அவருக்கு உரியது. உதயகுமார் இறந்தபோது ஆட்சியில் இருந்தவர்களோ மாணவர் போராட்டத்தின் வாரிசு என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். அவர்களால் அவரைத் தியாகியாக ஏற்கவும் முடியவில்லை, மறக்கடிக்கவும் முடியவில்லை. அதனால் ஒரு பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, மற்றது வாய்மொழியில் மட்டும் அலைகிறது. வாய்மொழியில் அலையும் பெயர் காலப்போக்கில் தெரிந்த பெயரோடு ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு யாரோ "உதயகுமாரைச் சுட்டார்கள்" என்று சொன்னதும் அப்படித்தான் நேர்ந்திருக்கும். 1972இல் பாளையங்கோட்டையில் மாணவர் லூர்துநாதன் இறந்ததும், திருச்சியில் கிளைவ் விடுதிக்குள் போலீஸ் புகுந்து அடித்ததும் அடுத்தடுத்து நடந்தவை. போராடி வந்தவர்கள் அதிகாரத்தில் அமர்ந்ததும் மாணவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்று எழுத விரும்புகிறவர்கள் அந்த இரண்டு ஆண்டை விட்டுவிடக் கூடாது.

அதன் பிறகு வளாகத்தின் சூடு தணிந்தது உண்மை. ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. 1979இல் தொலைதூரக் கல்வி தொடங்கியதும், பெயர்ப் பட்டியலில் இருந்த மாணவர்களில் பெரும்பாலோர் வளாகத்தையே பார்க்காதவர்கள் ஆனார்கள். 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. பெரும் கட்டணம் கட்டிப் படிக்கும் படிப்புகள் பெருகின. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய வீட்டுப் பிள்ளைக்குச் சஸ்பெண்ட் ஆவது என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். தமிழகத்தின் பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலும் மெல்ல நின்றுபோனது. தேர்தல் இல்லாத இடத்தில் கோரிக்கையை எடுத்துப் பேச அங்கீகரிக்கப்பட்ட ஆள் கிடையாது. பேச்சுக்கு ஆள் இல்லாவிட்டால் பிரச்சினை நேராகத் தெருவுக்கு வரும், அல்லது வராமலே புதைந்துபோகும்.

ஆனாலும் அண்ணாமலையில் கதை முடியவில்லை. 2012இன் இறுதியில் நிதி நெருக்கடி வெடித்தபோது ஊதியக் குறைப்பை எதிர்த்துப் போராடியவர்கள் ஆசிரியர்களும் ஊழியர்களும். 2013இல் அரசு நிர்வாக அதிகாரியை நியமித்தது, புதுச் சட்டம் கொண்டுவந்தது, நிறுவனர் குடும்பத்தின் இணைவேந்தர் உரிமை முடிவுக்கு வந்தது. இது மாணவர் போராட்டம் இல்லை என்றாலும், அடுத்த மாணவர் போராட்டத்தின் விதை இதில்தான். பல்கலைக்கழகம் அரசுடையது என்று ஆன பிறகும் மருத்துவ மாணவர்கள் தனியார் கல்லூரிக் கட்டணமே கட்டிக்கொண்டிருந்தார்கள். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு 5.44 லட்சம் ரூபாய். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் 13,610 ரூபாய். 2020 டிசம்பரில் மாணவர்கள் தொடர்ந்து உட்கார்ந்தார்கள். கொரோனா வார்டில் பணிபார்த்த பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும் அதில் இருந்தார்கள். நிர்வாகம் வகுப்புகளை நிறுத்தியது, விடுதியை விட்டு வெளியேறச் சொன்னது. தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டதாக மாணவர்கள் புகார் சொன்னார்கள். 1965இல் பயன்படுத்திய அதே ஆயுதம். இந்த முறையும் அது பலிக்கவில்லை. ஐம்பது நாளைத் தாண்டிய போராட்டத்துக்குப் பின், 2021 தொடக்கத்தில், கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கி, அரசுக் கட்டணத்தைக் கொண்டுவந்தது அரசு.

எனக்கு இந்தப் போராட்டத்தின் மீது தனி மதிப்பு உண்டு. மொழியோ இனமோ முன்னால் நிற்கவில்லை. எந்தக் கட்சியும் இதைத் தன்னுடையது என்று முழுமையாகச் சொந்தம் கொண்டாட முடியவில்லை. கோரிக்கை ஒன்றே ஒன்று, அதுவும் கணக்கில் காட்டக்கூடியது. யாரும் சாகவில்லை, வென்றார்கள். சாவு இல்லாததால்தானோ என்னவோ, அண்ணாமலைப் போராட்ட வரலாறு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சேர்ப்பதே இல்லை. உங்கள் கேள்வியிலும் இது இல்லை என்பதைக் கவனித்தேன். குறையாகச் சொல்லவில்லை, யார் சொன்னாலும் 1965இலும் 1971இலும் நின்றுவிடுவதுதான் வழக்கம்.

மேலே தேட விரும்பினால், 1965, 1971 இரண்டு ஆண்டுகளுக்கும் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை முதலில் பாருங்கள்; ஆளும் தரப்பும் எதிர்த் தரப்பும் அன்றைக்கே என்ன சொன்னார்கள் என்பது அதில் இருக்கும். நாளிதழ்களில் ஒன்றை மட்டும் நம்பாமல், எதிரெதிர்ச் சார்புள்ள இரண்டை அதே தேதிக்கு எடுத்து ஒப்பிடுங்கள். 1965இல் அந்த விடுதிகளில் இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயதை ஒட்டி ஆகிறது. உங்கள் உறவிலோ ஊரிலோ அப்படி ஒருவர் இருந்தால், நூலகத்துக்குப் போவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவரிடம் போய், அவர் கண்ணால் பார்த்ததையும் பிறகு கேள்விப்பட்டதையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள்.